தண்டனை ரவுண்டு

ஜூலை 7, திங்கள்
எட்டாம் வகுப்பை ஓடச் சொன்னேன். "என்ன சார் தப்பு பண்ணோம்?" என்றான் ஒருவன். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். இந்தப் பள்ளியில் ஓட்டம் என்றால் தண்டனை. லேட்டாக வந்தால் மைதானத்தை மூன்று ரவுண்டு. மாடி ஏறினாலே பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறது. ஓட்டத்தை வெறுக்கப் பழக்கிவிட்டு, ஃபிட்னஸ் இல்லை என்று மீட்டிங் போடுகிறார்கள். பி.டி. மாஸ்டர் என்று கேட்டில் விசிலோடு நிற்கவா எம்.பி.எட். படித்தேன்?

ஜூலை 9
லேட் வரிசையில் மறுபடியும் பத்து 'பி' ராசாத்தி. வீடு பள்ளிக்குப் பின்தெரு! சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நானே நேரத்துக்கு வந்துவிடுகிறேன். "வெட்கமா இல்ல?" என்று கத்தினேன். குனிந்த தலையோடு ஓடப் போய்விட்டாள்.

ஜூலை 11
தலைமையாசிரியை பானுமதி மேடத்திடம் நேராகவே சொன்னேன், லேட்டுக்கு ஓடவிடுவது முட்டாள்தனம் என்று. அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கலாம். "புதுசா வர்றவங்க எல்லாம் இப்படித்தான் குதிப்பீங்க" என்றார். சாப்பிடாமல் வரும் பிள்ளை ஓடி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். பயந்துவிட்டார். திங்களிலிருந்து ரவுண்டு கிடையாது. லேட்டானால் வராந்தாவில் உட்கார்ந்து பாடம் எழுத வேண்டும். ஜெயித்தேன்.

ஜூலை 15
ராசாத்தி மணிக்கு முன்பே வகுப்பில். எழுதப் பயம் போல.

ஜூலை 17
மாடிப்படியில் ராசாத்தி என்னை நிறுத்திக் கேட்டாள். "ரவுண்டை ஏன் சார் நிறுத்துனீங்க?"
"உன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தான்."
"எங்களுக்கு பி.டி. பீரியடே இல்ல சார். அதுலயும் ஸ்டீபன்ராஜ் சார் கணக்குப் பாடம் நடத்திடுவாரு. சாயங்காலம் டியூஷன். ரோட்ல ஓடுனா அம்மா திட்டும். அதான் லேட்டா வந்தேன்."
வேண்டுமென்றே! ஓடுவதற்காக. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?

ஜூலை 18
ஸ்டீபன்ராஜ் சாரிடம் பீரியடைத் திருப்பிக் கேட்டேன். "பப்ளிக் எக்ஸாம்ல ஓட்டத்துக்கு மார்க் உண்டா தம்பி?" ஸ்டாஃப் ரூமே சிரித்தது. மேடமோ, "பரீட்சை முடியட்டும்" என்கிறார். முடிந்தால் அந்தப் பிள்ளைகள் இங்கே ஏன் இருக்கப் போகிறார்கள்? இதயம், மூளை, ரத்த ஓட்டம் என்று படித்ததையெல்லாம் சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 22
பொய் சொன்னேன். பத்து 'பி' பெண்களுக்குத் திமிர், எதிர்த்துப் பேசுகிறார்கள், வாரம் ஒரு பீரியட் என்னிடம் விடுங்கள், ஓடவிட்டு அடக்குகிறேன் என்று. விழுந்தால் நானே பொறுப்பு என்றும் சொன்னேன்.
"இப்பதான் பி.டி. மாஸ்டர் மாதிரி பேசுறீங்க" என்றார் மேடம். உடனே சம்மதம். "யாரு எதிர்த்துப் பேசுனது?"
ராசாத்தி பெயர்தான் வாயில் வந்தது. சே.

ஜூலை 23
காலையில் ராசாத்தியின் அம்மாவை வரச்சொல்லி, மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். "அம்மா அழுதுச்சு சார்" என்றாள். பிறகு, "எல்லா வாரமும் உண்டா?"

கடைசி பீரியட். வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் மைதானத்தில். மாடியில் மேடம் கைகட்டி நின்று பார்க்கிறார். இரண்டாவது சுற்றில் யாரோ சிரிக்க, எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. கையை ஓங்கிக்கொண்டு பக்கத்தில் ஓடினேன்.

"மேடம் பாக்குறாங்க. மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு ஓடுங்க."