பின்னால் கூப்பிட்ட நாடகம்

அக்கா,

இன்றைக்குக் காலை மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதி மீன்கடைக்குள் நுழைந்ததுமே காஸ்பே நண்டின் உப்பு மணம் மூக்கில் அடித்தது. நண்டு கடைக்கு வந்துவிட்டதென்றால் உங்கள் மகன் கடலில் நிற்கிறான் என்று அர்த்தம். வாங்க வந்ததை மறந்து, போனை எடுத்துக் காஸ்பேக் கடலில் காற்று எப்படி என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரன் "மெஸ்ஸியே? மெஸ்ஸியே?" என்று பிரெஞ்சில் கூப்பிட்டுக் களைத்துவிட்டான். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து மனுசியிடம் வாங்கிக் கட்டினேன். அது வேறு கதை.

நீங்கள் போன பிறகு வந்த முதல் நண்டுக்காலம் இது. ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரொக்ஸ்பரோவில் அந்தத் தேவாலயத்துக் கீழ்மண்டபம் நினைவிருக்கிறதா? சென்னையிலிருந்து படிக்க வந்த பெடியன் ஒருவன், அயர்லாந்து நாடகம் ஒன்றைத் தமிழாக்கி எங்களைப் பிடித்துக்கொண்டான். ஒரே அங்கம். தீவில் ஒரு தாய். வீட்டு ஆண்களை ஒவ்வொருவராகக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய கடைசி மகனும் சொல்லுக் கேளாமல் புறப்படுகிறான். கோபத்தில் அவள் வாழ்த்தாமல் அனுப்பிவிடுகிறாள். அவன் பிணமாக வருகிறான்.

தாய் நீங்கள். கடைசி மகன் நான். ஐம்பது தாண்டிய வழுக்கை, எனக்கு முன்னால் மேடையேறும் வயிறு. "வேற ஆம்பிளை கிடைக்கேல்லையோ?" என்று என் மனுசி கேட்டாள். கிடைக்கவில்லைத்தான். மற்றவர்கள் எல்லோரும் ராசா வேடம் கேட்டார்கள்.

நான் வாசலைத் தாண்டும்போது நீங்கள் பின்னாலிருந்து "போகாதை" என்று கத்த வேண்டும். அங்கேதான் நாடகம் நொண்டியது. வெளிக்கிட்டவனைப் பின்னால் கூப்பிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? திரும்பி வந்து, இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தானே போவோம்? என் கால்களுக்கு அயர்லாந்து விளங்கவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் திரும்பி வந்து வாங்குப் பலகையில் குந்தினேன். நீங்களும் கைப்பழக்கத்தில் செம்பை நீட்டினீர்கள்.

"சார், நீங்க போய்ச் சாகணும்! இப்படி உட்கார்ந்து தண்ணி குடிச்சா ட்ராஜடி எப்படி சார் வரும்?" பெடியனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தாகத்தோட சாகச் சொல்லுறீரோ, தம்பி?"

அவன் கத்தலை வெட்டிவிட்டான். "ஆன்ட்டி, நீங்க பேசவே வேண்டாம். வாழ்த்தாம, சும்மா நில்லுங்க."

"கடலுக்குப் போற பிள்ளையைப் பேசாமல் அனுப்புற தாய் எந்த ஊரில இருக்கிறா?" என்று சீறினீர்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? உங்கள் மகன் நண்டுப் படகில் வேலை எடுத்த நாளிலிருந்து நீங்கள் அவனோடு கதைப்பதில்லை என்பது எங்கள் சனத்துக்கெல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருந்தேன்.

"வீட்டில நீங்களும் அப்பிடித்தானே, அக்கா?"

எனக்கு ஊற்றிய தண்ணீரை நீங்களே குடித்தீர்கள்.

உங்கள் மனிசனும் தமையனும் ஊரில் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள். கடலில்லாத நகரம் என்றுதான் மொன்றியலுக்கு வந்தீர்கள். "இஞ்சயும் ஆறு ஓடுதே" என்று பகிடி விட்டால், "ஆறு ஆளைத் திருப்பித் தரும்" என்பீர்கள். நாடக முடிவில் அந்தத் தாய், இனிக் கடலுக்குக் கொடுக்க ஒருவரும் இல்லை என்று நிம்மதியடைகிறாள். அந்த இடம் வந்ததும் வசனத்தாளைக் கவிழ்த்து வைத்தீர்கள். "எனக்கு இந்த நிம்மதி வேண்டாம்."

நாடகத்தன்றுதான் உங்கள் மகனுக்கும் படகுக்குப் பயணம். உங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கியவன், தோளில் பையோடு பின்வாசலில் நின்று பார்த்தான். மேடையில் நீங்கள் பெடியன் சொன்னபடி ஊமையாக நின்றீர்கள். நான் முதல்தடவையாக ஒழுங்காக வெளியேறி, திரைக்குப் பின்னால் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

"தம்பி!"

என் கால்கள் திரும்பிவிட்டன. மேடைக்கு வந்து பார்த்தால் நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பின்வாசலில் உங்கள் மகன், பாதி வெளியே.

"குவா, அம்மா?" என்னவென்று, பள்ளியில் பழகிய பிரெஞ்சில் கேட்டான்.

"இஞ்ச வா. இரு. தண்ணி குடி."

கதிரைகளுக்கு நடுவால் நடந்து வந்து மேடையேறி வாங்கில் இருந்தான். நிற்பதா போவதா என்று தெரியாமல் நானும் பக்கத்தில் இருந்தேன். செம்பை அவனுக்கு மட்டும் கொடுத்தீர்கள். அவன் தலையில் கை வைத்து, "போயிட்டு வா, ராசா" என்றீர்கள். அவன் உங்கள் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிவிட்டுப் போனான். தாய்க்கு இரண்டு மகன் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. பெடியன் தலையில் கை வைத்துக் குந்திவிட்டான்.

பேந்து நாடகத்தில் நான் செத்தேன். "மாடு மாதிரிப் பாரம்" என்று முனகியபடி பலகையில் தூக்கிவந்து போட்டார்கள். என் நெஞ்சில் விழுந்து கதறினீர்கள். கதறலுக்கு நடுவே காதில், "மூச்சை அடக்கடா, வயிறு ஆடுது." சிரிப்பு வெடிக்கப் போனது. அப்போது வெளியே கார் புறப்படும் சத்தம் கேட்டது. என் கழுத்தில் சுடச்சுட ஏதோ விழுந்தது. அதற்குப் பிறகு மூச்சை அடக்குவது கஷ்டமாக இருக்கவில்லை.

அந்த முறை அவன் திரும்பி வந்தான். அடுத்தடுத்த முறையும் வந்தான். நீங்கள்தான் இந்தப் பனிக்காலத்தில், கடலுக்கும் காற்றுக்கும் எட்டாத ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவன் பக்கத்தில் இருக்கும்போதே கண்ணை மூடினீர்கள். அதற்குச் சில நாள் முன்னம் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "காத்தைப் பார்" என்றீர்கள். மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

"நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறது அவனுக்குத் தெரியாது. இனி நீ பார். ஒருத்தருக்கும் சொல்லாதை."

கோடையில் இல்-பிசார் பாதைப் படகில் ஏறி ஆற்றைத் தாண்டி லவாலுக்குப் போவதற்குள் வாந்தியெடுக்கிறவன் நான். இப்போது தேத்தண்ணிக்கு முதலே காஸ்பே பக்கத்து வளைகுடாவின் காற்றைப் பார்க்கிறேன். "ஆரோட உந்த ரகசியம்?" என்று மனுசி கேட்கிறாள். வாய் திறப்பதில்லை. என் சீவியத்தில் ஊருக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரே விசயம் இதுதான்.

இன்றைக்குக் காற்று சரியில்லை. காலையிலிருந்து அவனுக்குப் போன் எடுக்கிறேன், பதில் இல்லை. யன்னலடிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். இப்போதுதான் போன் அடித்தது.

"என்ன மாமா, இத்தனை தரம் எடுத்திருக்கிறியள்? கரைக்கு வந்திட்டம்."

"சும்மாதான். பொழுது போகேல்லை."

"உங்களுக்கென்ன விசரே?" என்று என்னைப் பைத்தியமாக்கிச் சிரித்தான்.

நாளைக்கும் போறானாம், அக்கா.