கட்டுப்போட்ட காலோடு ஒரு எம்.ஏ.

அத்தை,

நேற்று நல்ல மழை. திண்டுக்கல்லில் பஸ் ஏறும்போதே இடது முழங்காலுக்குக் கீழே அந்தப் பழைய வலி தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வேப்பெண்ணெயைக் கரண்டியில் ஊற்றி அடுப்பில் காட்டினேன். வாசம் எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. "நாத்தத்தப் பாத்தா வலி போகுமா? காலை நீட்டு" என்று நீங்கள் அதட்டுவது அடுப்படியிலேயே கேட்டதுபோல் இருந்தது. எண்ணெய் தீய்ந்துவிட்டது. நீங்கள் போன பிறகு ஒரு தடவைகூட அதை நான் பக்குவமாகக் காய்ச்சியதில்லை.

உங்கள் மகன் என்னைக் கட்டிக்கொண்டு வடமதுரைக்கு அழைத்துவந்தபோது நான் பி.ஏ. முடித்திருந்தேன். அவர் பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டுப் பட்டாளத்தில் ஓட்டுநராகச் சேர்ந்தவர். முதல் விடுமுறையிலேயே எனக்கு அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கப் பணம் கட்டினார். "நான்தான் படிக்கல, நீயாவது படி. ஊருக்குள்ள எம்.ஏ. வீடுன்னு சொல்லட்டும்" என்று சிரித்தார். முதல் வருடத் தேர்வு முடிவு வருவதற்குள் அவர் வந்துவிட்டார், பெட்டியில். காஷ்மீரில் மலைச்சாலையில் வண்டி உருண்டது என்றார்கள்.

கத்திரியும் முருங்கையும் போட்டு, மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய், ஒற்றை ஆளாய் வளர்த்த ஒரே பிள்ளை. அன்று ஊரே கதறியது. நீங்கள் மட்டும் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, யாரும் அதைத் தூக்கிவிடக் கூடாது என்பதுபோல் உட்கார்ந்திருந்தீர்கள்.

சில மாதங்கள் கழித்து, ஓய்வூதிய விஷயமாக வந்த பட்டாளத்து அதிகாரி ஒருவர்தான் சொன்னார். பெண்களையும் அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், இறந்த வீரர்களின் மனைவிமார் விண்ணப்பிக்கலாம் என்று. என்னைத் திரும்பக் கூட்டிப்போகக் கன்னிவாடியிலிருந்து வந்திருந்த என் அப்பா கொதித்துப்போனார். "ஒருத்தன வாரிக் குடுத்தது பத்தாதா? இவளையும் அனுப்பணுமா?" மறுநாள் காலை கத்திரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியை நிறுத்திக் கேட்டீர்கள்.

"உனக்குப் போகணும்னு தோணுதா?"

"ஆமா அத்தை."

"ஏன்?"

"அவரு போன எடம் எப்புடி இருக்கும்னு தெரியணும் அத்தை. இங்க உக்காந்து நெனச்சுக்கிட்டே இருக்க முடியல."

வாய்க்காலில் தண்ணீர் மடை தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "அப்பப் போ. ஆனா அவன் பணங்கட்டுன படிப்பப் பாதியில விட்டுறாத" என்றீர்கள். அப்பாவிடம் பேச வேண்டியதை நீங்களே பேசிக்கொண்டீர்கள். என்ன பேசினீர்கள் என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை.

தேர்வாகிச் சென்னைக்குப் பயிற்சிக்குப் போனேன். விடிவதற்கு முன் ஓட்டம், பிறகு கயிறு, துப்பாக்கி, வகுப்பு, மறுபடியும் ஓட்டம். கூட இருந்த பெண்கள் ஆங்கிலத்தில் கனவே காண்பார்கள். நான் ஒவ்வொரு கட்டளையையும் மனசுக்குள் தமிழாக்கிக் கால் எடுத்துவைப்பதற்குள் மற்றவர்கள் திரும்பியிருப்பார்கள். இதற்கு நடுவில் எங்கே எம்.ஏ. படிப்பது? பாடப் புத்தகத்திலிருந்து நாலைந்து தாள்களைக் கிழித்து மடித்துச் சீருடைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். சுடும் பயிற்சிக்குப் போகும் லாரியில், சாப்பாட்டு வரிசையில், எங்கே நிற்க வைத்தாலும் அதை எடுத்துப் படிப்பேன். ஒருநாள் பயிற்சியாளர் பிடித்துவிட்டார். வெயிலில் மைதானத்தைச் சுற்றிக் குட்டிக்கரணம் போடச் சொன்னார். போட்டு முடித்து மண்ணும் மூச்சுமாக நின்றபோது, வியர்வையில் நனைந்த அந்தத் தாளைக் காட்டி என்ன இது என்றார். "முகலாயர் கால நிலவரி, சார்" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது.

பயிற்சி முடியும் தறுவாயில், முதுகில் சுமையோடு ஓடிய நீண்ட ஓட்டத்தில்தான் கால் எலும்பு விரிசல் விட்டது. ராணுவ மருத்துவமனையில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். என் அணியோடு முடிக்க முடியாது, அடுத்த அணியோடு மறுபடி செய்ய வேண்டும் என்றார்கள். என் தோழிகள் பயிற்சி முடித்து வெளியேறிய நாளில் பேண்டு வாத்தியம் வார்டு வரைக்கும் கேட்டது. தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டேன். எம்.ஏ. இரண்டாம் வருடத் தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது. நம் வீட்டுக்குப் பக்கத்துக் கடை டெலிபோனுக்குக் கூப்பிட்டு உங்களிடம், "வீட்டுக்கு வந்துர்றேன் அத்தை. இதுவும் வேணாம், பரீட்சையும் வேணாம்" என்றேன். "இரு, நான் வாரேன்" என்று வைத்துவிட்டீர்கள்.

அதற்கு முன் திருச்சியைத் தாண்டாதவர் நீங்கள். வாசலில் காவலுக்கு நின்றவர்களிடம் எப்படிப் பேசி உள்ளே வந்தீர்களோ தெரியாது. கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு என் காலையே பார்த்தீர்கள். திடீரென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். மகனுக்குக்கூட நீங்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"நாந்தான் தாயி உங் காலை ஒடிச்சேன்."

"என்னத்தை பேசுறீங்க?"

"நீ போன நாள்லருந்து மாரியாத்தாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். இவ தோத்துப்போகணும், வீட்டுக்குத் திரும்பி வந்துரணும்னு. வாயில போ போன்னேன், உள்ளுக்குள்ள வா வான்னேன். அது அவ காதுல இப்புடி விழுந்துருச்சு."

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள். "பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கோயிலுக்குப் போயி, நான் கேட்டதெல்லாம் வாபஸ்னு சொல்லிட்டேன். எம் மருமகளுக்கு என்ன வேணுமோ அத அவகிட்டயே கேட்டுக்கன்னுட்டேன். நீ வந்தா எனக்குச் சந்தோசந்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா காலு ஒடிஞ்சுச்சுன்னு வராத. வேணாம்னு தோணுனா வா."

பையைத் திறந்தீர்கள். நான் வீட்டில் விட்டுவந்த மீதிப் புத்தகங்கள் அத்தனையும் அதில் இருந்தன.

நான் வரவில்லை. தாம்பரத்தில் தூரத்து உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் பார்வையாளர் நேரத்துக்கு வருவீர்கள். எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த நீங்கள், தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்து, "இதுக்குப் பதிலச் சொல்லு" என்பீர்கள். நான் சொல்வது சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் நான் தயங்கினால் கண்டுபிடித்துவிடுவீர்கள். "இது வரல. திரும்பப் படி." தேர்வு நாட்களில் ஆட்டோவில் என் கட்டுப்போட்ட காலை உங்கள் மடியில் தாங்கிக்கொண்டு வந்தீர்கள். நான் எழுதி முடிக்கும்வரை கல்லூரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தீர்கள்.

அடுத்த அணியோடு பயிற்சியை முடித்தேன். எம்.ஏ. தேறிவிட்டேன் என்ற செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. தோளில் நட்சத்திரம் குத்த அப்பாவும் நீங்களும் வந்திருந்தீர்கள். அப்பா, "நீங்க குத்துங்கம்மா" என்று ஒதுங்கிக்கொண்டார். நீங்கள் குத்தினீர்கள். வாழ்த்த வந்த பெரிய அதிகாரியை நிமிர்ந்து பார்த்து, "எம் பிள்ளைய முழுசாத் திருப்பி அனுப்புவீங்களா?" என்று கேட்டீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன். ஆனால் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்த்தாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

உங்கள் மகன் போன மலைச்சாலையை நான் பார்த்தேன். அதைப் பற்றி நீங்கள் ஒருமுறைதான் கேட்டீர்கள். "குளிரா இருக்குமா?" என்று. ஆமாம் என்றேன். பணிக்காலம் முடிந்து முழுதாகத் திரும்பி வந்தேன். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்ததென்றால் அது அந்த எம்.ஏ.வால்தான். அவர் ஆசைப்பட்டதுபோல் எம்.ஏ. வீடு என்று ஊரில் யாரும் சொல்லவில்லை, அத்தை. பட்டாளத்துக்காரி வீடு என்றுதான் சொல்கிறார்கள்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தைரியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பயத்தைப் பயம் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகும் வழியை மறிக்காமல் நிற்பதை உங்களிடம்தான் பார்த்தேன். அது இன்னும் எனக்கு முழுதாக வரவில்லை. முயற்சி செய்கிறேன்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

"லீவு எப்பத் தாயி முடியுது?"

நான் பட்டாளத்தை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அதைச் சொல்லிப் புரியவைக்க மனம் வரவில்லை.

"இன்னும் நெறைய நாள் இருக்கத்தை."

"அப்பச் சரி" என்று என் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

வடமதுரை வீட்டில்தான் இருக்கிறேன். கன்னிவாடிக்கு வந்துவிடு என்று அப்பா இப்போதும் கூப்பிடுகிறார். என் லீவு இன்னும் முடியவில்லை, அத்தை.