உன் முகத்தில் பேசியவள்

இரும்புலியூர், தாம்பரம்

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் டீயில் சர்க்கரையை விடமாட்டேன் என்கிறார். உன் படத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று மட்டும்தான் போனில் சொன்னேன், மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காலேஜ் லைப்ரரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, நெட்டில் வருவதில் எது உண்மை எது பொய் என்று சோதிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் இல்லையா, செவ்வாய்க்கிழமை அவரவர் போனுக்கு வந்ததில் ஒன்றைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்றேன். கேளம்பாக்கத்திலிருந்து வரும் தயாளன், "மேம், எங்க அக்காவுக்கு ஃபாரின்ல நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு, இத செக் பண்ணலாமா" என்று அவளுக்கு வந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டான். அதில் நீ. ஏதோ ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுப்பவள் என்று வேறு பெயர், ஆனால் உன் முகம், உன் குரல், பேசும்போது தலையைச் சாய்ப்பாயே, அதுகூட. "கீதா, பாஸ்போர்ட்டையும் ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் எங்க ஏஜென்ட்கிட்ட குடுத்துடுங்க" என்கிறாய். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு "இது என் பொண்ணு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு தயாளன் முகம் மலர்ந்து, "உங்க பொண்ணா மேம், அப்ப பயமில்லாம குடுக்கலாம்" என்றானே, அப்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. ஜெரூஷா, உன்னிடம் மறைக்கமாட்டேன், ஒரு நிமிஷம் நீதான் என்று நானே நம்பினேன், எங்களிடம் சொல்லாமல் ஏதோ வேலையில் சேர்ந்துவிட்டாயோ என்று நினைத்தேன். ஏ.ஐ.யில் செய்த போலி வீடியோவைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பார், விரலைப் பார், உதட்டசைவைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பெற்ற மகளின் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிளஸ்ஸி என்ற பெண்தான் எழுந்து, "மேம், மூஞ்சியையே பாத்துட்டிருந்தா ஒண்ணும் தெரியாது, அந்த ஆஸ்பத்திரியோட சொந்த வெப்சைட்ல நம்பர் எடுத்துக் கேட்டுடலாம், நீங்கதான போன வாரம் சொன்னீங்க" என்றாள். அங்கேயே போன் போட்டோம். அப்படி ஒருத்தி எங்களிடம் இல்லை, இந்தியாவில் ஏஜென்ட்டும் கிடையாது என்றார்கள். தயாளன் உடனே அக்காவைக் கூப்பிட்டு, "குடுக்காதக்கா, எங்க இருக்க, உடனே எறங்கு" என்று கத்தினான். கீதா சர்டிபிகேட் பையோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாளாம், இறங்கி நேரே காலேஜுக்கு வந்துவிட்டாள். சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம், பிள்ளைகள் எல்லோரும் அந்த வீடியோவைப் போட்ட பக்கத்தை ரிப்போர்ட் செய்தார்கள், ஆனாலும் அது இன்னும் நீக்கப்படவில்லை. கீதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாக்க நல்லவங்களா தெரிஞ்சாங்க ஆன்ட்டி, அந்த முகத்தப் பாத்துதான் நம்புனேன்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வேறென்ன செய்வது.

நெட்டில் நீ போட்டிருக்கும் படங்களையும் வீடியோக்களையும் வெளியாள் பார்க்க முடியாதபடி இன்றைக்கே மாற்று, தள்ளிப்போடாதே, வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வரும்போது நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் பயந்துவிடாதே.

உன் அம்மா,
பியூலா