சங்கிலி சுற்றிய கை

உடுமலைப்பேட்டை,
6.9.1999

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், அப்பா, புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி எல்லாரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன், இன்னும் சாப்பிடவில்லை என்றால் இதை மூடி வைத்துவிட்டு முதலில் சாப்பிடு.

நீ அனுப்பிய கலர் படமும் கடிதமும் வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டருக்குள்ளே நீ பொம்மை பிடிக்கிறாய் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, இப்படி ஒரு தடியனைப் பிடிப்பாய் என்று நினைக்கவில்லை. தோள் எலும்பு, கை நரம்பு, முழங்கை மடிப்பு வரைக்கும் வைத்திருக்கிறாய். இடது கை முழுக்கச் சங்கிலி வேறு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “போலீசு தேடறவனாட்ட இருக்கறான்”னு சொன்னார். சிறையில் தன்னைக் கட்டிப்போட்ட சங்கிலியை அறுத்து அதையே கையில் சுற்றிக்கொண்டு சண்டைக்குப் போகிறவன், கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிறவன் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். எனக்குக் கேட்க ஆயிரம் இருக்கிறது. சங்கிலிக்கு அடியில் அவனுக்குக் கை உண்டா, இல்லை மேலே தெரிகிற இடம் மட்டும்தானா? ஒரே ஒரு வளையத்தைச் செய்து, அதையே திரும்பத் திரும்ப நகல் எடுத்து, கையைச் சுற்றிப் போட்ட கோட்டின் மேல் வரிசையாக வைப்பேன், ஒன்று படுத்திருந்தால் அடுத்தது நிற்கும் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் ஒன்றை மற்றொன்று பிடித்துக்கொண்டிருக்கிறதா, சும்மா பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதா? பேரூர்க் கோயில் மண்டபத்தில் தொங்குகிற கல் சங்கிலியைக் கோக்கவில்லை, ஒரே கல்லில் குடைந்தது என்பார்கள். உன்னுடையது கல்லும் இல்லை இரும்பும் இல்லை. நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அதே கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததையும் படித்தோம். சங்கிலி கையில் ஒட்டவைத்தது மாதிரி இருக்கிறது, கனமே தெரியவில்லை என்று உன் மேலாளர் திருப்பித் திருப்பி அனுப்புகிறார், செப்டம்பர் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று.  மறுநாளே அப்பா ஆளைக் கூட்டி வந்து மாடி ரூமுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார். இப்ப எதுக்குங்க என்றால், “சும்மாதான கெடக்குது, அடிச்சுப்போட்டா நல்லா இருக்குமல்ல” என்கிறார். உன் அத்தை வெங்கடலட்சுமிக்குப் போன் போட்டு, “புள்ள பொங்கலுக்குள்ள வந்துருமாட்ட இருக்குது”ன்னு சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கும் ஒரு பக்கம் சந்தோஷமாகத்தான் இருந்தது கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கே சலித்துப்போய் வந்தால் அது வேறு. முடியவில்லை என்று அவர்கள் அனுப்பி வைத்து வந்தாயானால், அந்த ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டருக்குள் எதற்கும் எடை கிடையாது, கண்ணால் பார்த்து நாமேதான் எடையை வரவழைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அது என்னை விடவேயில்லை. கட்டுத்தரையில் மாட்டுக்குப் போடுகிற சங்கிலியை எடுத்து, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, தென்னைமரத்தில் சுற்றிப் பார்த்தேன். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உன் படத்தில் இருக்கிற மாதிரியே மேலே ஒட்டிக்கொண்டு நின்றது. தலையணையில் சுற்றினேன், சங்கிலியே உள்ளே போய்விட்டது. இரண்டும் இல்லை, ஆள் கைதான் வேண்டும் என்று அப்பாவிடம் போனேன். “மாட்டுச் சங்கிலிய என்ற கையில சுத்தறயா, உனக்கென்ன புத்தி பெரண்டு போச்சா”ன்னு கேட்டார், கேட்டுக்கொண்டே கையையும் நீட்டினார். அப்புறம் பார்த்தால் என்ன வேடிக்கை. நிற்கிற வளையம் சதையில் பதிகிறது, படுத்த வளையம் அதன் மேல் ஏறிக்கொள்கிறது, இரண்டு சுற்றுக்கு நடுவில் சதை பிதுங்குகிறது, கையைத் தொங்கவிட்டால் மொத்தமும் மணிக்கட்டில் போய்க் குவிகிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததாகவும் இருக்கலாம். எதற்கும் போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றியது.

போட்டோ என்றதும் உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, முழுக்கையைப் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிற முஜீப் தம்பியிடம் போய், சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அவர் அடம்பிடித்து, கடைசியில் சட்டைக் கையை மட்டும் தோள் வரைக்கும் சுருட்டிக்கொள்ளச் சம்மதித்தார். படம் வாங்கப் போன அன்று முஜீப் பெருமையாக எடுத்து வைத்தார். “ஏனுங்கண்ணா, கையில பள்ளம் பள்ளமா இருந்துச்சுங்க, டச்சிங் பண்ணி வழவழன்னு ஆக்கிப்போட்டனுங்க”ன்னார். பெண் பார்க்கக் கொடுக்கிற படத்தில் முகப்பருவை எடுப்பார்களே, அதே மாதிரி பென்சிலால் எல்லாத் தடத்தையும் மூடி வைத்திருந்தார். பாவம், அவர் நல்லதுதான் நினைத்தார். ஆனால் உன் மேலாளர் திருப்பி அனுப்பிய அதே கை, அச்சு அசலாக, என் மடியில் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சரி, வேண்டாம் விடுங்க, வீட்டுக்குப் போகலாம் என்று நானே சொல்லிவிட்டேன். தடம் தெரிகிற போட்டோ உனக்கு உதவினால் நீ பொங்கலுக்கு வர மாட்டாய் என்பது அவருக்கும் தெரியும்.  ஆனாலும் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு ஸ்டூலில் போய் உட்கார்ந்து, முன்பு அங்கேயே விட்டுவந்திருந்த சங்கிலியை என்னிடம் கொடுத்துக் கையை நீட்டி, “இன்னுங் கொஞ்சம் இறுக்கிச் சுத்து” என்றார். முஜீப்பிடம் திரும்பி, “தம்பி, இந்தத் தடவ ஒண்ணையும் அழிச்சுப்போடாதீங்க. எம்புள்ளைக்கு அந்தத் தடந்தானுங்க வேணும்”னு சொன்னார்.

அந்தப் படங்களை இத்துடன் கூரியரில் வைத்திருக்கிறேன். வழவழப்பான படமும் ஒன்று இருக்கிறது, அது வேலைக்கு இல்லை, அதில் அப்பா அழகாக இருக்கிறார், உன் மேசையில் வைத்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை, கண்ணுக்கு ஓய்வு கொடு. அவ்வளவு கஷ்டப்பட்டுத் தப்பி வந்தவன் அந்தச் சங்கிலியைத் தூர எறியாமல் ஏன் சுமக்கிறான் என்று நீ எழுதவேயில்லை, அடுத்த கடிதத்தில் மறக்காதே. எடுத்த காரியம் கைகூடி, நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும் அம்மணி.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. ராசாத்தாள்

பின்குறிப்பு: மாடி ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்து முடிந்தது. இனி எதற்கு என்று கேட்டேன். “லீவுக்கு வந்தா எங்க படுப்பா?” என்கிறார்.