இஸ்திரிச் சூடு

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுறது. நல்லாத்தான் இருக்கேன்னு எழுதணும், எழுதிட்டேன். அங்கே குளிருக்கு ஒழுங்காப் போர்த்திக்கிறியா?

அம்மா போய் ஒரு மாசம் ஆச்சு. கடையை மறுபடி திறந்துட்டேன். இஸ்திரிக்குத் துணி கொண்டு வர்றவங்க "அம்மா எங்கே?"ன்னு கேட்டுட்டு, அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிறாங்க.

உன்மேல ஒரு வருத்தம். அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவ, அம்மாவை எடுத்த மறுநாளே கிளம்பிட்டியே. நான் என்ன மூணாம் மனுஷியா? சின்ன வயசுலயும் நீ அம்மா செல்லம்தான். எப்பப் பாரு காய்ச்சல். அம்மா கடையை விட்டுட்டு உன் நெத்தியில கை வச்சுக்கிட்டே உக்காந்திருக்கும். எனக்கு ஒரு தும்மல்கூட வராது. நான் எருமை.

பதில் போடு.

உன் அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

வருத்தம் எனக்கும்தான். உன்னைக் கட்டிப் பிடிச்சு அழணும்னு வழியெல்லாம் நினைச்சுக்கிட்டே வந்து வாசல்ல நின்னேன். நீ என் பையை வாங்கிக்கிட்டு, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்ட. அதுக்கப்புறம் எனக்கு அழுகையே வரலை. பஸ் ஏத்தி விடுறப்பவும் உன் கை என் பையைத்தான் பிடிச்சுச்சு.

இன்னொண்ணு. அதெல்லாம் காய்ச்சலே இல்லை அக்கா. நீ சுடச்சுடத் தேச்சு அடுக்கின துணியில நெத்தியை வச்சு அழுத்திட்டு, ஓடிப் போய்ப் படுத்துக்குவேன். அம்மா தொட்டுப் பாக்குமேன்னுதான். வேற எப்ப தொட்டுச்சு நம்மளை?

இப்ப அம்மாவும் இல்லை. அங்கே வந்து நான் என்ன பண்ணப் போறேன்?

தங்கச்சி

ஏப்ரல் 2

என் சின்னக்குட்டிக்கு,

காய்ச்சல் விஷயம் எனக்கு அப்பவே தெரியும்டி. அடுக்குல மேல் சட்டை மட்டும் வட்டமாக் கசங்கிக் கிடக்கும். சத்தம் போடாம மறுபடி தேச்சு வச்சிருவேன். காட்டிக் கொடுக்க மனசு வரலை. நானும் ஒருநாள் செஞ்சு பாத்தேன். அம்மா வர்றதுக்குள்ள நெத்தி ஆறிப்போச்சு.

உன்கிட்ட சொல்லாதது ஒண்ணு இருக்கு. அம்மாவுக்குக் கடைசியில நிஜக் காய்ச்சல். சுடுதான்னு பாக்க நெத்தியில கை வச்சேன். அம்மா தன் கையைத் தூக்கி என் கைமேல வச்சு அமுக்கிக்கிச்சு. கண்ணைத் திறக்கலை. பிறந்ததுல இருந்து அப்படிப் பிடிச்சதே இல்லையா, எனக்கு ஒரு மாதிரி கூச்சமாப் போச்சு. "விடும்மா, இஸ்திரிப் பெட்டி காயுது"ன்னு கையை உருவிட்டேன். அரைக் கூடைத் துணி தேச்சுட்டு வந்து தொட்டுப் பாத்தேன். சூடே இல்லை.

அந்தக் கையாலதான் உன் பையை வாங்கினேன். உன்னைத் தொட்டா உடைஞ்சு போயிருவேன்னு பயம், வேற ஒண்ணும் இல்லை.

வந்து என்ன பண்ணன்னு கேக்குற. ஒண்ணும் பண்ண வேண்டாம். வந்து வாசல்ல நில்லு. பையைக் கீழே போடு. அதை நான் தூக்க மாட்டேன்.

அக்கா