தாமரைக் கூடை பற்றி மாமாவுக்கு

எசன், ஜேர்மனி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

தர்மிகா மதிப்போடு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அழைப்பிதழில் பூப்புனித நீராட்டுவிழா என்று போட்டிருக்கிற என் சாமத்தியவீட்டுக்கு ஆட்களை அழைத்து அழைத்து அம்மாவின் தொண்டை மட்டும் அடைத்துப்போயிருக்கிறது. மாமியின் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ரெலிபோனில் எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவா. ஆகவே கடிதம்.

முதலில் நல்ல செய்தி. ஆங்கில வகுப்பில் கிறிஸ்டோபர் ரென் பற்றிப் பேசி நல்ல புள்ளி எடுத்தேன். உங்கள் லண்டனில் சென் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டியவர். அதற்கு முன் வானியல் பேராசிரியர். ஒரு நாயின் இரத்த நாளத்தில் வைன் ஏற்றியும் பார்த்திருக்கிறார். நாய்க்கு நல்ல குடிவெறி, ஆனால் பிழைத்துவிட்டதாம். அம்மா அந்த வரியை மட்டும் கேட்டுவிட்டு, இதையோ பள்ளிக்கூடத்தில படிப்பிக்கினம் என்றா.

அவருடைய குவிமாடம் மிகவும் கெட்டித்தனமானது. வெளியிலிருந்து தெரிவது ஒன்று, உள்ளேயிருந்து தெரிவது இன்னொன்று. உச்சியில் இருக்கிற கல் மாடத்தின் பாரத்தை இரண்டுமே தாங்கவில்லை. நடுவில், யார் கண்ணிலும் படாத ஒரு செங்கல் கூம்புதான் தாங்குகிறது. இதைப் படித்த பிறகு எந்தக் கூரையைக் கண்டாலும் அதை எது தாங்குகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி உங்கள் அன்பளிப்பு. என்னைத் தாமரைக் கூடையில் இருத்தி மண்டபக் கூரையிலிருந்து இறக்க ஒழுங்கு செய்ததற்கு நன்றி. நேற்று அப்பாவோடு மண்டபம் பார்க்கப் போனேன். அலங்காரம் செய்கிற மதிசுதன் அங்கிளிடம், கூடை எதில் தொங்கும் என்று கேட்டேன். பிள்ளை, நான் எத்தினை பேரை இறக்கியிருக்கிறன், ஒருத்தரும் விழேல்லை என்றார். அது ஆதாரம் ஆகாது என்றேன். அப்பா என் காலை மிதித்தார்.

அங்கிளுக்குக் கோபம் வந்துவிட்டது. தானே தாமரைக்குள் ஏறி இருந்து, பொத்தானை அமத்தச் சொன்னார். கூடை அழகாக மேலே போனது. பிறகு மோட்டர் நின்றுவிட்டது. மண்டபப் பொறுப்பாளருக்கு ரெலிபோன் அடித்தோம். சனிக்கிழமை தனக்கு ஓய்வு, திங்கட்கிழமை வந்து பார்க்க ஒரு ரெர்மின், அதாவது நேரம் குறித்துத் தரலாம் என்றார். அங்கிள் றோஸ் இதழ்களுக்கு நடுவிலிருந்து அப்பாவைப் பார்த்து, கணேசலிங்கம் அண்ணை, ஏணி ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ என்று மெல்லக் கேட்டார். ரென்னும் வயதான காலத்தில் வேலையைப் பார்வையிடக் கூடையில் மேலே போனார் என்று சொல்லப்படுகிறது, ஆகவே இது பெருமைதான் என்று ஆறுதல் சொன்னேன். அவரையும் இப்பிடியே விட்டவையோ என்று அங்கிள் கேட்டார்.

ஆனால் உண்மையை எழுதவேண்டும். தொங்கிய நேரத்தில் அங்கிள் கூடையை மாட்டியிருக்கிற கொழுக்கியை வடிவாகப் பார்த்திருக்கிறார். கூரையைத் தாங்குகிற இரும்பு வளையில்தான் பூட்டியிருக்கிறது. அப்பாவைக்கூடத் தாங்குமாம். ஏணி கிடைத்து இறங்கியதும் மோட்டரையும் அவரே திருத்திவிட்டார். கூடை ஆபத்தானது என்று உங்களுக்கு எழுதலாம் என்றிருந்தேன். இப்போது அப்படி எழுத ஏலாது.

மாமா, நீங்கள் தண்ணீர் வார்ப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. சேலையும் உடுப்பேன். ஆனால் முந்நூறு பேர் அண்ணாந்து பார்க்க, பாட்டுப் போட்டுப் புகையும் விட்டு, என்னை மெதுவாகத்தான் இறக்குவார்களாம். நான் பெரியபிள்ளையான அன்று பின்னேரம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் விடயம் தெரியும். அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்து, ஒன்றும் கதைக்காமல் என் பக்கத்தில் இருந்தா. அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகுதான் ரெலிபோனை எடுத்தா.

வியாழக்கிழமை தாமரையில் என் பெயர் எழுதப்போகிறார்கள். அதற்கு முன் அம்மாவோடு கதையுங்கள். நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம், உங்களுக்கே மனம் மாறிவிட்டது என்று சொல்லுங்கள். தாய்மாமன் சொன்னால் அம்மா கேட்பா. வாசலிலிருந்து நான் நடந்தே வருகிறேன். நீங்கள் பக்கத்தில் வந்தால் போதும்.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்
மருமகள் தர்மிகா