எட்டாம் மாதத்துப் பிள்ளை

ஒரத்தநாடு

அன்பு மகன் ராகுலுக்கு அப்பா அய்யாவு எழுதுவது. உன் மனைவி செம்மொழி எழுந்து நடக்கிறாள், உன் மகள் பால் குடிக்கிறாள், அம்மாவும் நானும் சுகம். மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்குக் கோபம் வருகிறது, பாதிச் சேதி சொல்லாமலே போகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

செம்மொழியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று நமக்குக் குறுவை நடவு, ஆட்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். செம்மொழிக்கு முதல் நாளிலிருந்தே தலைவலி, காலையில் முகமெல்லாம் வீங்கியிருந்தது. "மாமா, கண்ணு மங்கலாத் தெரியுது, மேல்வயிறும் வலிக்குது" என்றாள். வளைகாப்புக்கு முறுக்குச் சுட வந்திருந்த உன் அத்தை கண்ணாத்தாள், "மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும், சீரகத் தண்ணி குடுங்க" என்றார். கால் வீங்குவது வேறு, முகம் வீங்கிக் கண் மங்குவது வேறு என்று எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் அந்தப் பெண் சும்மா சொல்கிறவள் இல்லை என்பது தெரியும். நடவு நடக்கிறபடி நடக்கட்டும் என்று விட்டுவிட்டு அம்மாவும் நானும் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் நுஸைபா பிரஷர் பார்த்தார், சிறுநீரில் புரதம் போவதையும் பார்த்தார், வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டு உடனே 108-ல் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே மருந்து கொடுத்துப் பிரஷரை இறக்கப் பார்த்தார்கள், குழந்தையின் நுரையீரல் பலப்படவும் ஊசி போட்டார்கள். மறுநாளும் பிரஷர் இறங்கவில்லை. குழந்தையை இப்போதே எடுக்காவிட்டால் தாய்க்கு ஆபத்து என்றார்கள். அத்தை ஆஸ்பத்திரிக்கே வந்து, "எட்டாம் மாசப் புள்ள தங்காதுடா, ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு" என்று அழுதார். நீயும் போனில், "அத்தை சொல்றதையும் கேளுங்கப்பா" என்றாய். கேட்டேன். கேட்டுவிட்டு நேரே செம்மொழியிடம் போனேன். "எடுக்கச் சொல்லுங்க மாமா, நானும் இருக்கணும், என் புள்ளையும் இருக்கணும்" என்றாள். அவள் கையெழுத்துப் போட்டாள், பக்கத்தில் நானும் போட்டேன். உன்னை மறுபடி கேட்கவில்லை. இன்னொரு முறை இப்படி வந்தாலும் கேட்க மாட்டேன்.

உன் மகள் ஒன்றரைக் கிலோகூட நிறையவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூச்சுக்கு ஒரு குழாய், பாலுக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். மூச்சு சீரானதும் யாராவது நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்க வேண்டும் என்றார்கள். செம்மொழிக்கு அப்போது எழுந்து உட்காரவே முடியவில்லை, அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு ஆண்களும் செய்யலாம் என்று நர்ஸ் சொன்னதும் நான் சட்டையைக் கழற்றிவிட்டேன். துணியால் என் நெஞ்சில் கட்டினார்கள். என் நரைத்த முடியைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள், ராகுல். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது உன் சித்தப்பா நெடுமாறன், "என்னண்ணே, பாலும் குடுப்பீங்களோ" என்று நாலு பேர் முன்னால் சிரித்தான். "பால் இல்லடா, சூடு இருக்கு, அவளுக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன். செம்மொழி எழுந்து வரும்வரை தினமும் உட்கார்ந்தேன்.

இப்போது அத்தை செம்மொழியை ராசியில்லாதவள் என்கிறார், அடுத்ததாவது பையனாக இருக்கட்டும் என்கிறார். "அக்கா, பிரஷர் ஏறுனதுக்கு அவ என்ன பண்ணுவா, இந்தப் பேச்சோட நம்ம வூட்டுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். கூடப் பிறந்தவரிடம் அப்படிப் பேசியது வலிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அடுத்த பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பது செம்மொழி சொல்ல வேண்டியது. வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போக வேண்டும், இது திரும்ப வராமல் தடுக்க மாத்திரை உண்டாம். பிரசவத்துக்குப் பிறகும் பிரஷர் ஏறலாம் என்றதால் மாத்திரையை விடாமல் கொடுக்கிறோம். நீ போன் செய்தால் குழந்தையைக் காட்டு என்று ஆரம்பிக்காதே, முதலில் செம்மொழிக்குத் தலைவலி இருக்கிறதா என்று கேள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து இருவரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எட்டாம் மாதத்திலேயே ஏன் பிறந்தது என்று நாலு பேர் கேட்பார்கள், பொழுது சாய்ந்தபிறகு வாய்க்கால் கரை வழியாகக் கூட்டி வாருங்கள் என்று உறவில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காரை நான் பட்டப்பகலில் நடுத்தெரு வழியாகத்தான் விடச் சொல்வேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும், என் மருமகளும் பேத்தியும் வருகிறார்கள் என்று கண்ணாடியை இறக்கிச் சொல்வேன்.

நீ நூறு வயது நன்றாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு, லீவு கேட்டு வாங்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
அய்யாவு